அவசரம்: சீன மாணவிக்கு 'ஓப்பன்' என்ற சொல்லை எப்படிப் புரிய வைப்பது?

வழிப்போக்கன்:
எல்லாருக்கும் வணக்கம். நாளை காலை வகுப்பு, அதனால் அவசரமாகக் கேட்கிறேன். ஒரு சீன மாணவிக்கு ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன், 'ஓப்பன்' என்ற ஒரே சொல்லில் இரண்டு பேரும் மாட்டிக்கொண்டு நிற்கிறோம். தேவையில்லாத இடத்தில் ஓப்பன் போடுகிறாள், ஓப்பன் வர வேண்டிய இடத்தில் ஓப்பன்ட் என்கிறாள். திருத்தினால் ஏன் என்று கேட்கிறாள். 'அது அப்படித்தான்' என்று எத்தனை நேரம் சமாளிப்பது? தெளிவாக ஒரு விதி இருந்தால் சொல்லுங்கள்.

ராஜ்_மதுரை:
நண்பரே, அவள் எழுதிய வாக்கியம் ஒன்றையாவது போட்டிருக்கலாமே. சீன மாணவி என்றால் எந்த ஊர்? சீனாவா, சிங்கப்பூரா, மலேசியாவா? பள்ளிப் பிள்ளையா, வேலை பார்ப்பவரா? பரீட்சைக்கா, பேசுவதற்கா? எல்லாவற்றுக்கும் ஒரே பதில் கிடையாது.

இலக்கணப்பித்தன்:
இது ஆறாம் வகுப்புப் பாடம். ஓப்பன் என்பது வினையாகவும் வரும், பெயரடையாகவும் வரும். 'இஸ் ஓப்பன்ட்' எங்கே வந்தாலும் தவறு, அவ்வளவுதான். இதே கேள்விக்கு இங்கே பல முறை பதில் எழுதியாகிவிட்டது, தேடிப் பார்க்கும் பழக்கம் யாருக்கும் இல்லை. அகராதியில் அந்த ஒரு சொல்லையாவது முழுதாகப் படித்துவிட்டு அப்புறம் வகுப்பெடுக்க உட்காருங்கள் தம்பி.

மீனா_சிராங்கூன்:
'ஓப்பன் த லைட்' என்று எழுதுகிறாளா? அப்படியென்றால் காரணம் சீன மொழியில் இருக்கிறது, அவளைக் குறை சொல்லிப் பயனில்லை. 'காய்' என்று ஒரு வினை. கதவைத் திறப்பதும் காய், விளக்கைப் போடுவதும் காய், கார் ஓட்டுவதும் காய், கூட்டம் நடத்துவதும் காய், டாக்டர் மருந்து எழுதித் தருவதும் காய். பூ பூத்தாலும் காய், தண்ணீர் கொதித்தாலும் காய். ஸ்விட்சுக்கே 'காய்குவான்' என்றுதான் பெயர், திற-மூடு என்று அர்த்தம். இத்தனையையும் ஒரே சொல்லால் சொல்லி வளர்ந்தவள் ஓப்பன் என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் போடுவது இயல்புதானே.

வழிப்போக்கன்:
மன்னிக்கவும், விவரம் இதோ. நான் இருப்பது தைவானில், சின்ச்சு. பிஎச்டி செய்கிறேன், அவள் எங்கள் ஆய்வகத்தில் முதுகலை மாணவி. டோயிக் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்குப் படிக்கிறாள். நேற்று அவள் அனுப்பிய செய்தி: 'த டாக்டர் ஓப்பன்ட் மெடிசின் ஃபார் மீ.' மீனா அக்கா சொன்னது அப்படியே பொருந்துகிறது. பயிற்சித் தாளில் 'நூலகம் இரவு 9 மணி வரை ___ இருக்கும்' என்ற வகைக் கேள்விக்கு நான்கு விடையில் 'ஓப்பன்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். 'க்ளோஸ்ட் என்றால் கடைசியில் டி வருகிறது, ஓப்பனுக்கு மட்டும் ஏன் வராது?' என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

ராஜ்_மதுரை:
இதைத்தான் முதலிலேயே போட்டிருக்க வேண்டும். என் கட்சி, விதியே வேண்டாம். ஜோடி ஜோடியாக மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். டர்ன் ஆன் த லைட், ஹோல்ட் எ மீட்டிங், ப்ரிஸ்க்ரைப் மெடிசின், டிரைவ் எ கார். ஒரு வாரம் சத்தமாகச் சொன்னால் நாக்கில் உட்கார்ந்துவிடும். காரணம் கேட்பவர்களுக்கு மொழி வராது.

செல்வி_தைப்பே:
ராஜ் அண்ணா, இரண்டாவது சிக்கல் மனப்பாடத்தில் தீராது. இவை இரண்டு தனித்தனி நோய்கள், தனியாகப் பாருங்கள்.

முதலில் விளக்கு, டிவி விஷயம். உள்ளே என்று ஒன்று இருந்து, அது வெளியே தெரிய வருகிறதென்றால் ஓப்பன்: கதவு, பெட்டி, புத்தகம், கோப்பு, வங்கிக் கணக்கு. மின்சாரமோ தண்ணீரோ காஸோ ஓட ஆரம்பிக்கிறதென்றால் டர்ன் ஆன். 'ஓப்பன் த கம்ப்யூட்டர்' என்று சொன்னால் ஸ்க்ரூ டிரைவர் எடுத்துப் பின்மூடியைக் கழற்றுவது என்றுகூட ஒருவர் நினைக்கலாம், ஆனால் 'ஓப்பன் த ஃபைல்' மிகச் சரி. கூட்டத்தில் கவனம் வேண்டும். 'ஓப்பன் எ மீட்டிங்' என்ற தொடர் ஆங்கிலத்தில் இருக்கிறது, ஆனால் தலைவர் எழுந்து கூட்டத்தைத் தொடங்கி வைப்பதைத்தான் அது குறிக்கும். 'மூன்று மணிக்கு மீட்டிங் இருக்கிறது' என்று சொல்ல ஹோல்ட் அல்லது ஹேவ். பூவுக்கு ஓப்பன் தாராளமாக வரும், அதைத் திருத்திவிடாதீர்கள்.

அடுத்து ஓப்பன்ட். அவள் கேட்டது நல்ல கேள்வி, மழுப்பாமல் பதில் சொல்லுங்கள். ஓப்பன் பழைய ஆங்கிலத்திலேயே பெயரடையாக இருந்த சொல், வினை அதிலிருந்து பிறந்தது. க்ளோஸ் பிரெஞ்சு வழியாக வினையாக வந்தது, அதனால் 'மூடிய நிலை' என்று சொல்ல டி சேர்க்க வேண்டியிருக்கிறது. ஜோடி மாதிரித் தெரிகிறதே தவிர, இரண்டும் ஒரே வீட்டில் பிறந்த சொற்கள் அல்ல. டி-யை விட்டுவிட்டு 'த ஷாப் இஸ் க்ளோஸ்' என்று எழுதினால் கடை பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம் மாறிவிடும். சீனம் பேசுபவர்கள் கடைசி மெய்யை விழுங்குவதால் அந்தப் பக்கமும் அடிக்கடி தப்புகிறது.

அப்புறம் முக்கியமான விஷயம். இந்த வித்தியாசம் அவள் மொழியிலேயே இருக்கிறது. 'மன் காய் ல' என்றால் கதவு திறந்தது, நடந்த செயல். 'மன் காய் ஜ' என்றால் கதவு திறந்தபடி இருக்கிறது, நிலை. நூலகக் கேள்வியில் 'ஜ' போட்டு யோசிக்கச் சொல்லுங்கள். ஜ வந்தால் ஆங்கிலத்தில் வெறும் ஓப்பன். நம் தமிழில் 'கடை திறந்திருக்கிறது' இரண்டுக்கும் பொருந்திவிடும், அதனால் தமிழ் வழியாக விளக்கினால் உங்களுக்கே குழப்பம் வரும்.

இலக்கணப்பித்தன்:
நான் ஒரு வரியில் சொன்னதைத்தான் அம்மணி ஒரு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள். 'இஸ் ஓப்பன்ட்' தவறு.

செல்வி_தைப்பே:
இல்லை ஐயா. 'வங்கியை தினமும் மேலாளர் திறக்கிறார்' என்பதைச் செயப்பாட்டு வினையில் எழுதினால் 'இஸ் ஓப்பன்ட் பை த மேனேஜர்' என்றுதான் வரும். திறப்பவர் மனதில் இருந்தால் ஓப்பன்ட் சரி. எங்கே வந்தாலும் தவறு என்று சொல்லிக் கொடுத்தால் டோயிக்கில் செயப்பாட்டு வினைக் கேள்வி வரும்போது அந்தப் பெண் மதிப்பெண் இழப்பாள்.

மீனா_சிராங்கூன்:
ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். இங்கே சிங்கப்பூரில் 'ஓப்பன் த லைட்' என்று எல்லா இனத்தாரும் சொல்வார்கள். மலாயிலும் பேச்சில் 'புக்கா லாம்பு' உண்டு, புக்கா என்றால் திற. கேட்பவருக்கு உடனே புரிகிறது. அதைத் தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ராஜ்_மதுரை:
புரிந்தால் போதும் என்றால் இலக்கணம் எதற்கு? உங்கள் அரசாங்கமே 2000-ல் நல்ல ஆங்கிலம் பேசுங்கள் என்று இயக்கம் தொடங்கவில்லையா?

மீனா_சிராங்கூன்:
தொடங்கினார்கள், பிரதமர் கோ சோக் தோங்தான் தொடங்கி வைத்தார். அதற்காகக் காப்பிக்கடையில் பேசுவது மாறிவிட்டதா? வீட்டுப் பேச்சு வேறு, வேலை விண்ணப்பம் வேறு என்று பிள்ளைகளுக்குத் தெரியும். மதுரையில் நீங்கள் 'ஓப்பன் த டேப்' என்று சொல்வதில்லையா? குழாயைத் திற என்று தமிழில் இருப்பதால்தானே அப்படி வருகிறது? சீனர் சொன்னால் பிழை, நாம் சொன்னால் பேச்சு வழக்கா?

ராஜ்_மதுரை:
நான் 'ஓப்பன் த டேப்' என்பதையும் பிழை என்றுதான் சொல்வேன். பரீட்சைத் தாளில் சிங்கப்பூர்ப் பேச்சுக்கு மதிப்பெண் போட மாட்டார்கள்.

இலக்கணப்பித்தன்:
தலைப்பை விட்டு எங்கேயோ போகிறீர்கள் இருவரும்.

செல்வி_தைப்பே:
வழிப்போக்கன், பார்க்கிறீர்களா தெரியவில்லை, ஒரு எச்சரிக்கை. 'ஜ' தந்திரம் ஓரிடத்தில் காலை வாரும். கடை மூன்று வருடமாக நடக்கிறது என்பதற்குச் சீனத்தில் 'காய் ல சான் நியென் ல' என்பார்கள். அங்கே 'ல' இருக்கிறதே என்று 'ஹேஸ் ஓப்பன்ட் ஃபார் த்ரீ இயர்ஸ்' எழுதுவாள். வர வேண்டியது 'ஹேஸ் பீன் ஓப்பன்'. சீனர்களுக்கான ஆங்கில இலக்கணப் பாடங்களில் இதற்கு ஒரு பட்டியலே உண்டு, கணநேர வினையோடு கால அளவு சேராது என்று. கால அளவு வந்தால் பை (வாங்கு) என்பது ஹேவ் ஆகும், பாரோ (இரவல் வாங்கு) என்பது கீப் ஆகும், டை (இற) என்பது பீ டெட் ஆகும். பள்ளியில் படித்திருப்பாள், ஓப்பன் என்பதும் அந்தப் பட்டியலில்தான் என்று நினைவுபடுத்தினால் போதும்.

வழிப்போக்கன்:
வகுப்பு முடிந்தது. ல, ஜ வைத்துச் சொன்னதும் உடனே பிடித்துக்கொண்டாள், பயிற்சித் தாளில் அந்த வகை எல்லாம் சரி. மூன்று வருடக் கடை வாக்கியத்தில் நீங்கள் சொன்ன இடத்திலேயே தடுக்கினாள், பட்டியலைச் சொன்னதும் தானே திருத்திவிட்டாள். செல்வி, மீனா அக்கா, ராஜ் எல்லாருக்கும் நன்றி. ஆய்வகத்துக்குக் கிளம்ப வேண்டும். இப்போது டர்ன் ஆனா, ஸ்விட்ச் ஆனா என்று கேட்கிறாள்.

செல்வி_தைப்பே:
விளக்கு, டிவி, மின்விசிறிக்கு இரண்டும் சரி. தண்ணீர்க் குழாய்க்கு டர்ன் ஆன் மட்டும்.