பிச்சாவரம் மீன்முள் வாய்க்கால்: 45 டிகிரிதான் சூத்திரமா?

சேற்றுக்கால்:
நேத்து நெய்தல்பித்தன் எழுதியது: “முகத்துவாரத்துல 45 டிகிரியில மீன்முள் வாய்க்கால் வெட்டி அலையாத்தி நட்டா காடும் வரும், ஊருக்குள்ள வெள்ளமும் வராது.” மீன்முள்ளுன்னா நடுவுல தாய்வாய்க்கால், ரெண்டு பக்கமும் சாய்வா கிளைகள். அப்போ கோணமானி ஒண்ணு வாங்கினா போதும்போல!

பிச்சாவரத்துல நடந்தது வேற. வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து 1970கள் வரை அலையாத்திக் காட்டைக் கூறு போட்டு மொட்டையா வெட்டுனாங்க. நிழல் போன மண் காய்ஞ்சு அமுங்கி, தட்டு மாதிரி குழிஞ்சுது. கடல் ஏத்தத்துல வந்த தண்ணிக்குக் கடல் வத்தத்துல வெளியேற வழியில்லை. அது வெயில்ல சுண்டிச் சுண்டி உப்பு ஏறுச்சு, உப்புநிலச் செடியான உமரிதான் மிஞ்சுச்சு. வாய்க்கால் வெட்டுனது அந்தத் தண்ணியை வடிக்க. அடிமட்டம் ஓடையைப் பார்த்துச் சரியலைன்னா 45 என்ன, 90-ல வெட்டினாலும் குட்டைதான்.

நெய்தல்பித்தன்:
45-ஐ நான் கண்டுபிடிக்கலை ஐயா. ஓடைக்குத் தாய்வாய்க்கால் 45, அதுக்குக் கிளை 30. சுவாமிநாதன் ஆய்வு நிறுவனமும் வனத்துறையும் சேர்ந்து செஞ்சது. சாய்வா சேர்ந்தாத்தான் ஏத்தத் தண்ணி முட்டாம உள்ள போகும், சேருமிடத்துல வண்டலும் குறையும். காடு வந்துச்சா இல்லையா?

சேற்றுக்கால்:
வந்துச்சு, மட்டம் சரியா இருந்ததால. அமாவாசையிலேர்ந்து பௌர்ணமி வரை 15 நாள் அளவுகோல் நட்டு நீர்மட்டம் குறிக்கணும். அட்டமி நவமியில வர்ற சின்ன ஏத்தம் எவ்வளவு உயரம் வருதுன்னு தெரியாம வெட்டினா, மாசத்துல பாதி நாள் வாய்க்கால் காயும். நம்ம கரையில ஏத்தவத்த வித்தியாசம் ஒரு மீட்டர்கூட நிறையாது. ஒரு சாண் தப்பினா மொத்தமும் தப்பு. கன்றை வாய்க்காலோட நடுச்சரிவுல வைக்கணும். அடியில வெச்சா மூழ்கி அழுகும், மேட்டுல வெச்சா உப்புல கருகும். இதுல உங்க 45 எங்க வருது?

உமரிக்கீரை:
வெட்டுன மண்ணை எங்க போடுறது?

கடைமடை:
ரெண்டு பேரும் வெள்ளத்தை மறந்துட்டீங்க. ஒரு கணக்கு. 100 ஹெக்டேர் சதுப்புல அரை மீட்டர் தண்ணி நின்னா 5 லட்சம் கனமீட்டர். கொள்ளிடத்துல 1 லட்சம் கனஅடி வந்தா வினாடிக்கு 2,832 கனமீட்டர். மூணே நிமிஷத்துல உங்க சதுப்பு நிரம்பிடும். நாலாவது நிமிஷம்? ஐப்பசி கார்த்திகையில கடல்மட்டமும் வருஷத்து உச்சத்துல நிக்கும், ஆறு வடியவே தடுமாறும். “வெள்ளம் வராது”ன்னு எழுத ஒரு தைரியம் வேணும்.

நெய்தல்பித்தன்:
நான் சொன்னது கடல்வெள்ளம். சுனாமியில பிச்சாவரம் ஊர்களைக் காப்பாத்தினதை மறந்துட்டீங்களா?

சேற்றுக்கால்:
“ஊருக்குள்ள வெள்ளம்”னுதான் இருக்கு, மேலே போய்ப் பாருங்க. சுனாமியும் அவ்வளவு சுலபமில்லை. கதிரேசன், ராஜேந்திரன்னு ரெண்டு ஆய்வாளர்கள் 2005-ல 18 ஊர்களை வெச்சு, காடு இருந்த இடத்துல சாவு குறைவுன்னு எழுதினாங்க. அடுத்த வருஷமே கெர்ங்கிற ஆய்வாளரோட குழு, அந்த வித்தியாசத்துக்குத் தரையோட உயரமும் கடல்லேர்ந்து தூரமுமே போதுமான காரணம்னு மறுத்துச்சு. காத்தால எழும்புற அலை குறையும், சரி: 100 மீட்டர் காட்டுல 13லேர்ந்து 66 சதவீதம் வரை. புயல்ல கடல் பொங்குற ஏத்தம் குறைய கிலோமீட்டர் கணக்குல காடு வேணும், அப்பவும் ஒரு கிலோமீட்டருக்கு 5லேர்ந்து 50 சென்டிமீட்டர்தான். அதனால தடுப்புக் கரையைப் பின்னாடி தள்ளிக் கட்டி முன்னாடி சதுப்பை விடணும். அலை மெலிஞ்சு வந்து மோதும், கல்கட்டுச் செலவும் குறையும். கரையைத் தூக்கிட்டுக் காட்டை நம்புன்னு எவனும் சொல்லலை.

கடைமடை:
பின்னாடி தள்ள நிலம் யாரோடது? பட்டா நிலம். இதே சேற்றுக்கால் பள்ளிக்கரணை விவாதத்துலயும் நிலம் யாரோடதுன்னு கேட்டதும் காணாமப் போனார். அப்புறம் இயக்கு அணை, அதாவது ஆத்துக் கடைசியில ஷட்டர் போட்ட அணை. உப்பு ஏறாம இருக்கக் கோடையில ஷட்டரை இறக்கிடுவோம். அதுக்கு மேற்கே மீன்முள் வெட்டினா ஏத்தமே வராது. கிழக்கே வெட்டினாத்தான் உண்டு.

சேற்றுக்கால்:
காணாமப் போகலை, அங்க பதில் எழுதத் தகுதியான கேள்வி வரலை. கிழக்கேன்னு நானும் சொல்றேன், இதுல சண்டை என்ன?

நெய்தல்பித்தன்:
சண்டை 45-ல. அதை ஒத்துக்க உங்களுக்கு மனசு வரலை. போன மாசம் சுரபுன்னை, வெண்கண்டல்னு ரெண்டு அலையாத்தி மரத்தையும் குழப்பினவர்தானே நீங்க?

சேற்றுக்கால்:
குழப்பினது படத்துக்குக் கீழே பேர் போட்டவர். உப்பு ஏறின மண்ணுக்கு வெண்கண்டல், ஓடை ஓரத்துக்குச் சுரபுன்னை. இதை இங்கே மூணு தடவை எழுதியாச்சு. உமரிக்கீரைக்கு: மண்ணை வாய்க்கால் ஓரமா வரப்பு மாதிரி குவிக்காதீங்க. ஏத்தம் பரவாது, மேட்டுல சீமைக்கருவேல் ஏறிக்கும். சன்னமா பரப்பணும். வாய்க்காலைச் சரிவகமா, மேலே அகலமா வெட்டணும், செங்குத்தா வெட்டினா ஓரம் இடிஞ்சு அடியில விழும். எப்படி வெட்டினாலும் வண்டல் சேரும். தூர்வார ஆளும் காசும் ஒதுக்காத திட்டம் நாலாவது மழைக்குள்ள பழைய தட்டுக்கே திரும்பிடும். எந்தக் கோணத்துல வெட்டினாலும்.

உமரிக்கீரை:
நன்றி. தூர்வாருறது யார் பொறுப்பு? வனத்துறையா, நீர்வளத்துறையா?

கடைமடை:
அதுக்குத் தனியா ஒரு விவாதம் திறங்க.

நெய்தல்பித்தன்:
30 டிகிரியைப் பத்தி இன்னும் ஒருத்தரும் வாயைத் திறக்கலை.