செல்லவிளியா, கெழுதகைச்சொல்லா? (மறுமொழி)

அன்புள்ள குழுவினருக்கு,

திங்கட்கிழமை எனக்கு வகுப்பு. ஆங்கிலப் பேச்சு வழக்கில் பெண்களைக் கொஞ்சி அழைக்கும் சொற்கள் எப்படிப் பிறந்தன என்பது பாடம். அந்தச் சொல்வகைக்கு ஒரு தமிழ்ப் பெயர் கேட்டேன். மூன்று நாளாக மடல்கள் வந்தபடி இருக்கின்றன. எல்லாருக்கும் நன்றி.

'செல்லப்பெயர்' இருக்கிறதே என்கிறீர்கள். அது ஒருத்திக்கு மட்டும் உரியது. 'டால்' (doll) அப்படித்தான் தொடங்கியது, டொரத்தி என்ற பெயரின் சுருக்கமாக. 16ஆம் நூற்றாண்டில் காதலியைக் குறிக்கும் பொதுச்சொல்லாகி, 1700 வாக்கில்தான் விளையாட்டுப் பொம்மைக்குப் போனது. பொம்மைபோல் அழகு, அதனால் 'டால்' என்று மாணவர்கள் நினைப்பது தலைகீழ். ஒருத்தியின் பெயர் எல்லாருக்குமான விளியாகும் இடத்தைக் காட்ட எனக்குத் தனிச்சொல் வேண்டும்.

'அன்புவிளி'யும் சரிவராது. 'டார்ட்' (tart) 19ஆம் நூற்றாண்டில் பெண்ணைக் கொஞ்சும் சொல்; பிறகு அதுவே வசவு. அன்பு போன பின்னும் சொல் நிற்கிறது. நம்மிடமும் உண்டே: கோவையில் மகளை 'அம்மணி' என்றால் பாசம், வேறு ஊரில் அதே சொல்லில் கிண்டல் ஏறிவிடும்.

'குமரி' என்ற சொல்லிலிருந்துதான் கிரேக்கக் 'கோரே' வந்தது என்ற நீண்ட மடலையும் படித்தேன். கொஞ்சல் பெயருக்கான ஆங்கிலக் கலைச்சொல் 'ஹைப்போகோரிசம்' சிறுமியைக் குறிக்கும் அந்தக் 'கோரே'யோடு தொடர்புடையது என்பது உண்மை. ஆனால் அதன் பழைய வடிவம் 'கோர்வா'. குமரியின் மகரம் அதில் எங்கே? ஒலி ஒப்புமையை மட்டும் நம்பிக் கடல் தாண்ட வேண்டாம், ஐயா.

மனத்தைத் தொட்டது 'கெழுதகைச்சொல்'தான், அதாவது நெருங்கிய உரிமையோடு சொல்லும் சொல். தொல்காப்பியப் பொருளியல் 'கெழுதகைப் பொதுச்சொல்' என்கிறது. உரைகாரர்கள் 'எல்லா' என்ற விளியைக் காட்டுகிறார்கள். கலித்தொகையில் தலைவனும் தலைவியை 'எல்லா' என்பான், தலைவியும் தலைவனை 'எல்லா' என்பாள். எவ்வளவு அழகான சமன்! ஆனால் என் பாடம் பெண்களுக்கு மட்டும் ஒட்டிக்கொண்ட சொற்களைப் பற்றியது. அப்புறம், முதலாண்டுப் பிள்ளைகளுக்குக் 'கெழுதகை'யை விளக்கவே அரை மணி நேரம் போய்விடும்.

அடுத்து 'செல்லவிளி'. அதிலுள்ள 'செல்லம்' பேச்சுச் சொல், கலைச்சொல்லில் ஏறாது என்பவர்களுக்கு: ஏற்றினால் ஏறும். பாடமே பேச்சுச் சொற்களைப் பற்றியதுதானே.

ஆகவே இப்போதைக்குச் 'செல்லவிளி'. ஆறு பேர் சரி என்றிருக்கிறீர்கள். யாழ்ப்பாணத்து அக்கா மட்டும் இன்னும் ஏற்கவில்லை: "விளிக்காமல், 'என் டால் வந்தாள்' என்று படர்க்கையில் சொன்னால் அது எப்படி விளியாகும்?" இதற்கு என்னிடம் பதில் இல்லை. ஞாயிறு இரவுக்குள் யாராவது சொல்லுங்கள்.