ஆல்கஹால் மை தீட்டிய கிட்டார் பெடல் பெட்டி: கிளியர் அடித்ததும் வண்ணம் கரைந்தது ஏன்?

கேள்வி: குளச்சல்காரன்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் பங்கு ஆலயப் பாடகர் குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். 4558 என்ற ஒலிபெருக்கும் ஐ.சி.யை வைத்து ஓர் ஓவர்டிரைவ் பெடலை (கிட்டார் ஒலியைக் கரகரப்பாக்கும், காலால் இயக்கும் கருவி) நானே சால்டர் செய்து முடித்தேன். ஒலியில் எனக்கு முழுத் திருப்தி, சங்கடம் பெட்டியில்தான். அது வார்ப்பு அலுமினியத்தில் வரும் 125பி அளவுப் பெட்டி. ஏறத்தாழ 12 செ.மீ. நீளமும் 6.5 செ.மீ. அகலமும் உடையது. துளைகள் எல்லாம் போட்டு முடித்த பிறகு 320 உப்புத்தாளால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, முட்டம் பாறைகளில் அலை உடைவது நினைவுக்கு வரும்படி நீலம், பச்சை, காவி ஆகிய மூன்று ஆல்கஹால் மைகளைச் சொட்டி, ஸ்ட்ராவால் ஊதிப் பரப்பினேன். நீலம் காய்வதற்குள் அதன் நடுவே வெறும் ஆல்கஹாலை ஊசி முனையால் ஒரு சொட்டு வைத்தபோது, நிறம் விலகி, விளிம்பில் மட்டும் அடர்ந்து, கரைக்கு வந்த நுரை போலவே நின்றது. வீட்டில் இருந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன்.

மறுநாள் மாலை, மழை சற்று ஓய்ந்திருந்த நேரத்தில், கார்களுக்கு நிறமில்லாத மேற்பூச்சாக அடிக்கிற லேக்கர் கிளியர் ஸ்பிரேயை, அதை எதன் மேலும் அடிக்கலாம் என்று கடையில் சொன்னதை நம்பி, பெட்டி நன்றாக நனையும்படி அடித்தேன். அரை நிமிடத்துக்குள் மூன்று நிறங்களும் மழை பட்ட கோலம் போல ஒன்றோடொன்று கலந்து நான்கு ஓரங்களிலும் வழிந்துவிட்டன. காய்ந்தபின் பார்த்தால், பால் தெளித்தாற்போல் ஒரு வெண்படலமும் மேலே படிந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்கக் காய்ந்த மை எப்படிக் கரைந்தது? வெண்படலம் எதனால் வந்தது? இதைத் திருத்த வழி இருக்கிறதா, அல்லது எல்லாவற்றையும் அகற்றிவிட்டு மறுபடி தொடங்கத்தான் வேண்டுமா?

பதில் 1: தக்கலை மைச்சொட்டு

தம்பி, உங்கள் மை காயாமல் இல்லை. காய்ந்த பிறகும் கரையக்கூடியதாகவே இருப்பதுதான் அதன் இயல்பு. ஆல்கஹால் மை என்பது சாயத்தை ஆல்கஹாலில் கரைத்து வைத்த திரவம். எனாமல் பெயின்ட் காற்றோடு வினைபுரிந்து இறுகிவிடுவதால் பழைய திரவ நிலைக்குத் திரும்புவதில்லை. ஆல்கஹால் மையோ கரைப்பான் ஆவியாவதனால் மட்டுமே காய்கிறது. ஆகவே ஒரு மாதம் கழித்து ஒரு சொட்டு ஆல்கஹால் பட்டாலும் அந்த இடம் மறுபடி மையாகிவிடும். நீங்கள் ஊசி முனையில் கண்டு மகிழ்ந்த நுரை வட்டமும், மறுநாள் உங்களை அழவைத்த வழிசலும் ஒரே காரணத்தால் நிகழ்ந்தவை. லேக்கரில் இருக்கும் தின்னர் வலுவான கரைப்பான். அதைப் பெட்டி நனையும்படி அடித்தால் மை அதில் நீந்தத்தான் செய்யும்.

ஓடுகளிலும் தட்டுகளிலும் இந்த மையால் வரைந்து விற்கும் பெண் என்ற முறையில் நான் கடைப்பிடிக்கும் வழியைச் சொல்கிறேன். முதல் பூச்சுக்கு, இந்த மையில் வரைபவர்கள் பரவலாகப் பயன்படுத்தும் கிரைலான் நிறுவனத்தின் காமர் வார்னிஷ் ஸ்பிரேயை இணையத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். அதிலும் கரைப்பான் உண்டு என்பதை மறக்கக்கூடாது. அது காப்பாற்றுவது அடிக்கிற விதத்தில்தான் இருக்கிறது. டப்பாவை ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் பிடித்து, பெட்டிக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, பெட்டியைக் கடந்து சென்ற பிறகே விரலை எடுக்க வேண்டும். முதல் முறை அடித்ததும் பெட்டி பளபளக்கக் கூடாது. பனி படிந்த இலையைப் போல மங்கலாகத் தெரிந்தால் போதும். பத்து நிமிடம் விட்டு அடுத்தது, மறுபடி பத்து நிமிடம் விட்டு அடுத்தது என்று நான்கு முறை அடித்து, ஓர் இரவு விட்டுவிடுவேன். அதன் மேல் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அக்ரிலிக் வார்னிஷ் இரண்டு பூச்சு. இந்த மைகளில் பெரும்பாலானவை வெயிலில் வெளுக்கிற சாயங்கள். வார்னிஷ் அதைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. எனவே திருவிழா மேடையில் நடுப்பகல் வெயிலில் பெடலைக் கிடத்தி வைக்க வேண்டாம்.

தூரிகையால் வார்னிஷ் தடவுவதை மட்டும் நினைத்தும் பார்க்காதீர்கள். கரைப்பானோடு தேய்ப்பும் சேர்ந்துகொள்ளும்.

உங்கள் பெட்டியைத் திருத்த வழியில்லை. தின்னரால் துடைத்து எடுத்துவிடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், அடுப்போ விளக்கோ அருகில் இல்லாத இடத்தில் செய்யுங்கள். அடுத்த முறை எந்த வார்னிஷாக இருந்தாலும் முதலில் பெட்டியின் அடிமூடியில் நான்கு சொட்டு மை வைத்துச் சோதியுங்கள். அதே உலோகம், அதே தேய்ப்பு, தரையைப் பார்த்துக் கிடக்கும் பக்கம். அதைவிடச் சிறந்த சோதனைப் பலகை கிடைக்காது.

பதில் 2: ஆரல்வாய்மொழி காற்று

கார் பட்டறையில் பெயின்ட் அடித்துப் பிழைப்பவன் நான். பெடல் பற்றி எனக்கு எதுவும் தெரியாது, ஆனால் அந்த வெண்படலம் எனக்குப் பழைய பகையாளி. தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகட்டின் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. தகடு குளிர்ந்ததும் காற்றில் இருக்கும் ஈரம் அதன்மேல் வியர்த்து, காயாத லேக்கருக்குள் சிக்கிக்கொள்கிறது. அதுதான் பால்போல் தெரிகிறது. ஆனி, ஆடிச் சாரலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையும் என இரண்டு பருவ மழையையும் வாங்குகிற நம் குமரி மாவட்டத்தில், மழை விட்ட மாலையில் லேக்கர் அடிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. காரில் இப்படி வந்தால் மெதுவாக ஆவியாகும் ரிடார்டர் தின்னரை லேசாகத் தெளித்துப் படலத்தை எடுத்துவிடுவோம். உங்கள் பெட்டியில் அதைச் செய்தால் அடியில் இருக்கும் மையும் சேர்ந்து கிளம்பிவிடும்.

மழை இல்லாத நாளில், காலை பதினொன்றுக்கும் பிற்பகல் மூன்றுக்கும் இடையே அடியுங்கள். அதற்கு முன் பெட்டியைக் கால்மணி நேரம் வெயிலில் வைத்து, கையில் எடுத்தால் இளஞ்சூடாக இருக்கும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். சூடான தகட்டில் ஈரம் படியாது. எங்கள் ஊரில் ஈரத்தைவிடக் காற்றுதான் தொல்லை. முப்பந்தல் காற்றாலைகளைச் சுற்றவைக்கிற அதே கணவாய்க் காற்று, ஈரமான பெயின்டில் மண்ணை அள்ளிக் கொட்டும். ஆகையால் அட்டைப்பெட்டியின் ஒரு பக்கத்தைத் திறந்து, அதற்குள் வைத்து அடிப்பது நல்லது.

கல் போன்ற கடைசிப் பூச்சு வேண்டுமென்றால், இறுகவைக்கும் ஹார்டனர் கலந்து அடிக்கும் இரு பாகக் கிளியரைப் பட்டறையில் கொடுத்து அடித்துக்கொள்ளுங்கள். அந்த ஹார்டனரில் இருக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் நுரையீரலைக் கெடுக்கும்; துணியை மூக்கில் கட்டிக்கொண்டு வீட்டில் செய்கிற வேலை அல்ல.

பதில் 3: மார்த்தாண்டம் சால்டர்

மேலே இருவரும் சொன்னதோடு, பெடல் கட்டுகிறவன் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. உலோகப் பெட்டி அழகுக்காக மட்டும் இல்லை; அது உள்ளே இருக்கும் சுற்றை மின்னிரைச்சலில் இருந்து காக்கும் கவசம். அந்தக் கவசம் வேலை செய்ய வேண்டுமானால் பெட்டி கிரவுண்டோடு தொட்டிருக்க வேண்டும், அந்தத் தொடர்பு பெரும்பாலும் கேபிளைச் செருகும் ஜாக்கின் உலோகக் கழுத்து வழியாகத்தான் கிடைக்கிறது. வார்னிஷ் உட்புறத்திலும் ஜாக் துளையின் உள்விளிம்பிலும் படிந்துவிட்டால் ஆலயத்தின் டியூப் லைட் இரைச்சலெல்லாம் உங்கள் ஸ்பீக்கரில் கேட்கும். தாளைச் சுருட்டித் துளைகளை அடைத்துவிட்டு அடியுங்கள். உட்புறம் ஜாக் அமரும் இடத்தைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியும்படி வைத்து, பல்லுள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள்.

வெளிப்புறத்தில் இதற்கு நேர்மாறு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. குளச்சலில் வெறும் அலுமினியம் வெண்பொடி பூத்துக் குழிவிழ நாளாகாது. வெளிவிளிம்புகள் வரை பூச்சு போயிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

வார்னிஷுக்குப் பதிலாக, ஹார்டனர் கலந்து ஊற்றினால் இறுகும் எபாக்சி ரெசின் ஊற்றலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். சில ஹார்டனர்களில் பென்சைல் ஆல்கஹால் இருப்பதால், அடியில் வார்னிஷ் இல்லாமல் ஊற்றினால் அங்கேயும் மை கசியும். மழைக்காலத்தில் ரெசின்மேல் பிசுபிசுப்பான படலமும் வரும். அதைச் சோப்புத் தண்ணீரால் கழுவிவிடலாம். ஆனால் மேல்பரப்பு தடித்துவிட்டால் குமிழைத் தாங்கும் பொட்டென்ஷியோமீட்டரின் திருகுமறைக்கு நட் எட்டாமல் போகும். எனக்கு ரெசின் பிடிக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பெடல் கண்ணாடி மிட்டாய் போல ஆகிவிடுகிறது.

குமிழ்களுக்குப் பெயர் எழுதுவதாக இருந்தால், முதல் வார்னிஷ் காய்ந்த பிறகு நீரில் நழுவி ஒட்டும் டீக்கால் தாளில் அச்சிட்டு ஒட்டுங்கள். பெர்மனென்ட் மார்க்கரில் எழுதினால் அடுத்த பூச்சில் அதுவும் கரையும். அதுவும் ஒரு ஆல்கஹால் மைதான். என் பெடலில் ஒலியளவுக்கு ‘ஓசை’, டோனுக்குச் ‘சாயல்’, டிரைவுக்கு ‘முறுக்கு’ என்று தமிழிலேயே ஒட்டியிருக்கிறேன். வாசிக்கிற நண்பர்கள் கடைசிக் குமிழைத் திருப்பும்போதெல்லாம் தேநீரும் சேர்த்துக் கேட்கிறார்கள்.

மறுமொழி: குளச்சல்காரன்

அக்காவுக்கும் அண்ணன்மார் இருவருக்கும் நன்றி. பழையதை அகற்றிவிட்டு, மூன்று நாள் வெயிலுக்குக் காத்திருந்து மறுபடி செய்தேன். மருந்துக்கடையில் வாங்கிய 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் நீர் கலந்திருப்பதால், கைப்பேசி பழுதுபார்ப்பவர்கள் போர்டு துடைக்கப் பயன்படுத்தும் 99 விழுக்காட்டு ஆல்கஹாலுக்கு மாறினேன். கடைசியில் உப்புத்தாளை நீளவாட்டில் ஒரே திசையில் மட்டும் இழுத்ததால், நீலத்துக்கு அடியில் உலோகக் கோடுகள் தெரிந்து, சாய்வாகப் பிடித்தால் தண்ணீர்மேல் வெயில் அடிப்பதைப் போல மின்னுகிறது. வெள்ளை பெயின்டுக்கு மேல் வரைந்திருந்தால் நிறம் இன்னும் பளிச்சென்று இருந்திருக்கும், ஆனால் இந்த மினுக்கம் கிடைத்திருக்காது.

அடிமூடிச் சோதனையில் முதல் சொட்டுகள் சற்றுக் கசிந்தன. நான் டப்பாவை மிக அருகில் பிடித்திருந்தேன். தூரத்தைக் கூட்டியதும் அசையவில்லை. பெட்டி முழுவதும் அப்படியே வந்தது, ஜாக் பக்கத்தைச் சுரண்டி இறுக்கியதில் இரைச்சலும் இல்லை. ஒரே ஒரு குறை: கால் சுவிட்சின் நட்டை ஸ்பேனரால் இறுக்கும்போது அது வார்னிஷைத் திருகி, சுற்றிலும் பிறை வடிவில் உரித்துவிட்டது. இப்போது நைலான் வாஷர் போட்டு அதை மறைத்திருக்கிறேன். அடுத்த பெட்டியில் நட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு உள்பக்கத்திலிருந்து சுவிட்சைத் திருகிப் பார்க்கப் போகிறேன்.