கலிபோர்னியாவோட வண்டிப்புகை ரூலை தூக்கினது சரியா தப்பா, சண்டைய இங்க வச்சுக்கலாம்

மில்பிடாஸ்_மச்சான்
வாட்ஸப் குரூப்ல ஆளாளுக்கு ஒண்ணு அடிச்சு விடுறாங்க, அதான் இங்க தனியா போடுறேன். 2025 ஜூன் 12 அன்னிக்கு அமெரிக்க காங்கிரஸ் (அவங்க பார்லிமென்ட்) நிறைவேத்தின மூணு தீர்மானத்துல டிரம்ப் கையெழுத்து போட்டாரு, கலிபோர்னியா தனியா வச்சிருந்த மூணு வண்டிப்புகை ரூலும் காலி. ஒண்ணு, 2035ல இருந்து விக்கிற புது கார் எல்லாம் எலக்ட்ரிக், ஹைட்ரஜன், இல்லன்னா சார்ஜ்லயும் பெட்ரோல்லயும் ஓடற பிளக்-இன் ஹைபிரிடா இருக்கணும்ங்கறது. ரெண்டாவது, லாரி கம்பெனிங்க வருஷா வருஷம் இத்தனை பங்கு புகையில்லாத லாரி வித்தாகணும்ங்கறது. மூணாவது டீசல் லாரியோட நாக்ஸ் (நைட்ரஜன் ஆக்சைடு) புகைய குறைக்கறது. என்னைக் கேட்டா சுத்த அராஜகம். நீங்க சொல்லுங்க.

டல்லஸ்_தங்கம்
அராஜகம்னா அந்த ரூல்தான் அராஜகம் பாஸ். 2026 மாடல்லயே 35% புகையில்லாத கார், 2030ல 68%, 2035ல 100. கலிபோர்னியாவுலயே 2024ல வித்த புது கார்ல நாலுல ஒண்ணுதான் எலக்ட்ரிக். நியூயார்க் மாதிரி இந்த ரூலை காப்பி அடிச்ச ஸ்டேட்ல அதுல பாதி அளவுதான் வித்துச்சு. அபார்ட்மென்ட் மூணாவது மாடில வாடகைக்கு இருக்கறவன் எங்கய்யா சார்ஜ் போடுவான், ஜன்னல்ல இருந்து வயர் விடுவானா? கலிபோர்னியாவுல வீட்டு கரண்ட்டே யூனிட்டுக்கு 30 சென்ட்டுக்கு மேல, எங்க ஊர்ல அதுல பாதி. கலிபோர்னியா தலைநகர் சாக்ரமென்டோல நாலு பேர் உக்காந்து முடிவு பண்ணுவான், நாடே அந்த கார வாங்கணுமா?

மில்பிடாஸ்_மச்சான்
35ன்னா அப்படியே 35 இல்லங்க. முன்னாடி கூடுதலா எலக்ட்ரிக் வித்ததுக்கு கம்பெனிகிட்ட பழைய கிரெடிட் இருக்கு, பத்தலன்னா அடுத்த கம்பெனிகிட்ட வாங்கிக்கலாம், அந்த டார்கெட்ல 20% வரைக்கும் பிளக்-இன் ஹைபிரிடே போதும். அப்புறம் எந்த ஸ்டேட்டையும் யாரும் கழுத்தைப் புடிச்சு காப்பி அடிக்க சொல்லல, கிளீன் ஏர் ஆக்ட்னு காத்து மாசுக்கான ஃபெடரல் சட்டத்துல 177வது பிரிவு இருக்கு, வேணும்னா எடுத்துக்கோ வேணாம்னா விடு. வர்ஜீனியா 2021ல சட்டம் போட்டு சேர்ந்துச்சு, 2024 கடைசியோட கவர்னர் யங்கின் வெளிய வந்தாச்சுன்னு சொல்லிட்டு போயிட்டாரு. யாரு தடுத்தா?

டல்லஸ்_தங்கம்
காப்பி அடிச்சா அச்சு அசலா அடிக்கணும், கம்மா புள்ளி மாத்தக்கூடாது, அதையும் சொல்லுங்க. ஒண்ணு ஃபெடரல் கார் இல்லன்னா கலிபோர்னியா கார், மூணாவது வகை கிடையாது. அப்ப மத்த ஸ்டேட் ஜனங்க ஓட்டே போடாத ஒரு கலிபோர்னியா போர்டு அவங்க கார முடிவு பண்ணுது.

வி8_வெறியன்
இந்தியாலயும் இதே கூத்துதான். 2010ல சென்னை, டெல்லி மாதிரி பெரிய ஊருக்கு மட்டும் பிஎஸ்4 புகை ரூல், மத்த ஊருக்கு பிஎஸ்3. ஒரே நாட்டுல ரெண்டு ரூல் போட்டா எவன் மதிப்பான்.

மில்பிடாஸ்_மச்சான்
@வி8_வெறியன் அங்க ரெண்டுமே மத்திய அரசு போட்டதுதான் ப்ரோ, ஸ்டேட் போட்டது இல்ல. இங்க கதையே வேற. 1950கள்லயே ஹாகன்-ஸ்மிட்னு கால்டெக் யுனிவர்சிட்டி ஆளு, லாஸ் ஏஞ்சலஸ்ல (எல்.ஏ.) கண்ணு எரியறதுக்கு காரணம் கார் புகையும் வெயிலும் சேர்ந்து உண்டாகுற ஓசோன்னு கண்டுபுடிச்சாரு. சுத்தி மலை, மேல சூடான காத்து மூடிக்கும், புகை வெளிய போக வழி இல்ல. வாஷிங்டன் ரூல் போடறதுக்கு முன்னாடியே கலிபோர்னியா போட்டுடுச்சு, அதனாலதான் 1967 சட்டத்துல அவங்களுக்கு மட்டும், ஃபெடரல் அரசுகிட்ட கேட்டு வாங்கி தனி ரூல் போட்டுக்க ஒரு அனுமதி. அந்த வருஷம் காத்து மாசை கவனிக்கற கலிபோர்னியா ஏர் போர்டு ஆரம்பிக்க கையெழுத்து போட்ட கவர்னர் யாரு தெரியுமா? ரீகன். உங்க ரிபப்ளிகன் ஆளு சாமி!

710_ஓரத்துவீடு
நான் லாங் பீச் பக்கம் 710 ஃப்ரீவேக்கு ஒட்டின தெருவுல இருக்கேன். எல்லாரும் கார் கார்னே பேசறீங்க, மூணாவது ரூலை யாருமே தொடல. துறைமுகத்துல இருந்து கன்டெய்னர் லாரி ராப்பகலா போகும், ஜன்னல் கட்டைய இன்னிக்கு ஈரத்துணியால துடைச்சா மறுநாள் விரல்ல மை மாதிரி ஒட்டும், பையன் ஸ்கூல் பேக்ல இன்ஹேலர் இல்லாம அனுப்பறது இல்ல. எலக்ட்ரிக் வேணுமா வேணாமாங்கறது பணக்காரங்க சண்டை, அந்த நாக்ஸ் ரூல் எலக்ட்ரிக் பத்தினதே இல்லையே. டீசலே ஓட்டு ஆனா சுத்தமா ஓட்டுன்னுதானே சொல்லுச்சு, அதையும் சேத்து ஏன் தூக்கினாங்க?

ரெட்டை_ஆக்ஸில்
அக்கா உங்க கஷ்டம் புரியுது ஆனா லாரிக்காரன் பக்கமும் கேளுங்க. என் மச்சினன் சொந்த லாரி, எலக்ட்ரிக் லாரி டீசல் லாரிய விட ரெண்டு மடங்குக்கு மேல விலை, பேட்டரி வெயிட்டுக்கு சரக்கு வேற குறையும், சார்ஜ் போட நிக்கற நேரத்துல ஒரு ட்ரிப் போகும். அவனை மாதிரி ஆளுங்கள வாங்குடான்னா எங்க போவான். நாக்ஸுக்கும் ஃபெடரல் ரூல் 2022லயே போட்டாச்சே, 2027 மாடல்ல இருந்து ஒரு குதிரைத்திறன்-மணிக்கு 0.035 கிராம், அதுக்கு முன்னாடி 0.2. கலிபோர்னியா கேட்டது 0.02. இந்த நூலிழை வித்தியாசத்துக்கா இவ்வளவு பஞ்சாயத்து?

மில்பிடாஸ்_மச்சான்
ஒரு திருத்தம். ரத்தான லாரி ரூல் விக்கிற கம்பெனிக்கு போட்டது, உங்க மச்சினனுக்கு இல்ல. லாரி வச்சிருக்கறவங்க எலக்ட்ரிக் வாங்கணும்னு தனியா ஒரு ரூல் இருந்துச்சு, அதுக்கு கேட்ட அனுமதிய கலிபோர்னியாவே 2025 ஜனவரில வாபஸ் வாங்கிடுச்சு.

ரெட்டை_ஆக்ஸில்
கம்பெனி மேல போட்டா கம்பெனி யார் தலைல கட்டும்? எலக்ட்ரிக் விக்கலன்னா டீசல் லாரிய எங்களுக்கு அளந்து அளந்துதான் தருவான். சட்டத்துல பேர் இல்லன்னா பர்ஸ்ல ஓட்டை விழாதா?

710_ஓரத்துவீடு
0.035க்கும் 0.02க்கும் நடுவுல இருக்கறது உங்களுக்கு நூலிழை, ஒரு நாளைக்கு எங்க தெருவ தாண்டற லாரி எண்ணிக்கையால பெருக்கி பாருங்க தம்பி.

சும்மா_பாக்கவந்தேன்
அப்ப இனி ஸ்மாக் செக் (ஓடற காருக்கு பண்ற புகை டெஸ்ட்) போக வேணாமா?? என் 2009 கார் அடுத்த மாசம் டியூ

மில்பிடாஸ்_மச்சான்
@சும்மா_பாக்கவந்தேன் அது வேற இது வேற, கண்டிப்பா போகணும். ரத்தானது புது வண்டி விக்கிற ரூல். உங்க காருக்கு ஸ்டியரிங் கீழ இருக்கற போர்ட்ல மிஷின சொருகி பாப்பான். செக்குக்கு முன்னாடி பேட்டரிய மட்டும் கழட்டிடாதீங்க, கார் தன்னையே செக் பண்ணிக்கற மானிட்டர் புரோகிராம் எல்லாம் ரீசெட் ஆகி, ரெடி இல்லன்னு திருப்பி அனுப்பிடுவான்.

டல்லஸ்_தங்கம்
சரி மேட்டருக்கு வருவோம். காங்கிரஸ்ல ஓட்டு போட்டுதானே ரத்து பண்ணாங்க? கார் ரூலுக்கு கீழ்சபைல 246-164, டெமாக்ராட் 35 பேர் சேர்ந்தே போட்டான். செனட்ல 51-44. ஜனநாயகம்னா இதுதான்.

மில்பிடாஸ்_மச்சான்
அங்கதான் கோளாறே. செனட்ல சாதாரணமா 60 ஓட்டு வேணும். ஏஜென்சி போடற ரூலை ரத்து பண்றதுக்குன்னு இருக்கற ரிவ்யூ சட்டத்தை எடுத்துக்கிட்டதால மெஜாரிட்டியே போதும்னு ஆச்சு. இது ரூலே இல்ல, அனுமதி, அந்த சட்டம் செல்லாதுன்னு காங்கிரஸோட ஆடிட் ஆபீஸும் சொல்லுச்சு, செனட்டுக்கு விதிமுறை எடுத்து சொல்ற பார்லிமென்டேரியனும் சொன்னாங்க. கேக்கல. கையெழுத்தான அன்னிக்கே கலிபோர்னியாவும் இன்னும் 10 ஸ்டேட்டும் கோர்ட்டுக்கு போச்சு. அந்த சட்டப்படி ஒருதடவை ரத்தானா அதே மாதிரி இன்னொண்ணு திரும்ப கொண்டுவர முடியாது, காங்கிரஸே புதுசா சட்டம் போட்டாத்தான் உண்டு. 2019ல டிரம்ப் அனுமதிய புடுங்கினப்ப 2022ல பைடன் திருப்பி குடுத்தாரு, இந்த தடவ அந்த வழியையும் அடைச்சுட்டாங்க.

டல்லஸ்_தங்கம்
பைடன் வீட்டுக்கு போற நேரத்துல, 2024 டிசம்பர்ல தேர்தல்ல தோத்த பிறகு அவசர அவசரமா அனுமதி குடுத்தது மட்டும் முறையா? ஆட்டத்தை ஆரம்பிச்சது யாரு?

710_ஓரத்துவீடு
யார் ஆரம்பிச்சா எனக்கென்ன. எல்.ஏ. ஏரியா இன்னும் ஃபெடரல் ஓசோன் அளவுக்குள்ள வரல. வர்றதுக்கு சரியான பிளான் குடுக்கலன்னா ரோடு போடற ஃபெடரல் பணத்தை நிறுத்தலாம்னு அதே கிளீன் ஏர் ஆக்ட்ல இருக்கு. புகைய குறைக்க வச்சிருந்த ரூலை அவங்களே புடுங்குவாங்க, ஏன் குறையலன்னு அபராதமும் அவங்களே போடுவாங்களாம். டல்லஸ் அண்ணா, இதுக்கு பதில் சொல்லிட்டு போங்க.

டல்லஸ்_தங்கம்
இது நியாயமான கேள்விதான் அக்கா. அபராதத்தையும் சேத்து எடுத்திருக்கணும். ஆனா அதுக்காக 35% சரின்னு என் வாயால வராது.

ரெட்டை_ஆக்ஸில்
என் வாயாலயும்.