புதுப்பிப்பு: துப்புரவாளர் சங்கத்தில் கட்டடக் காவலர்கள் சேரலாமா?

நியூ ஜெர்சியில் நாங்கள் காவல் பார்க்கும் கட்டடத்தின் துப்புரவாளர் சங்கத்தில் எங்களையும் சேர்க்க முடியுமா என்று முன்பு கேட்டிருந்தேன். "முடியவே முடியாது" என்றார்கள் பலர். அது பாதிதான் சரி.

1947-ல் வந்த டாஃப்ட்-ஹார்ட்லி என்ற அமெரிக்கத் தொழிலாளர் சட்டப்படி, மற்ற தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ளும் சங்கத்தைக் காவலர்களின் பிரதிநிதி என்று சங்கத் தேர்தல்களை நடத்தும் அரசு அமைப்பான தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் சான்றளிக்கக் கூடாது. வேலைநிறுத்தம் வந்தால் காவலர் யார் பக்கம் நிற்பார் என்ற பயம்தான் காரணம். எனக்கு இது அநியாயமாகவே படுகிறது. ஆனால் முதலாளி தானாக அங்கீகரித்தால் தடையில்லை. ஒப்பந்தம் முடிந்ததும் அவர் கைகழுவலாம் என்றிருந்ததையும் 2016-ல் லூமிஸ் வழக்கில் வாரியம் மாற்றியது: பெரும்பான்மை ஆதரவு போயிருந்தால்தான் விலகலாம்.

எங்கள் நிர்வாகம் மறுத்துவிட்டது. அதனால் காவலர்கள் மட்டும் உள்ள சங்கத்தில் சேரப்போகிறோம். வாரியத்திடம் தேர்தல் கேட்க 30% பேரின் கையெழுத்து போதும். அப்புறம் தேர்தலில் பெரும்பான்மை வேண்டும். சங்கத்துக்கு ஆதரவு தெரிவிக்கும் அட்டைகளில் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம்.