கேப்மாரிக்கு மாற்றாக என்ன போடலாம்?

வணக்கம் நண்பர்களே. ஒரு சிறுகதைக்கு மெய்ப்புப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கதை நடப்பது 1970களின் வடசென்னையில். கூடையிலிருந்த வஞ்சிரத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனைப் பார்த்து மீன்கார அம்மா கத்துகிறாள்: "டேய் முடிச்சவிக்கி, மொள்ளமாரி, கேப்மாரி!" ஒரே மூச்சில் மூன்று. அசல் வசவு, காதில் அப்படியே விழுகிறது.

முதல் சொல்லில் சிக்கல் இல்லை. வேட்டி முனையில் முடிந்த காசை அவிழ்ப்பவன். மூன்றாவதில்தான் பேனா நின்றுவிட்டது. நம் வாயில் அது திருடன், ஏமாற்றுக்காரன். ஆனால் கேப்மாரி என்பது ஒரு சமூகத்தின் பெயர். வெள்ளைக்காரன் 1871இல் கொண்டுவந்த குற்றப் பழங்குடிகள் சட்டம் இப்படிப்பட்ட சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று முத்திரை குத்தியது. சட்டம் 1952இல் ஒழிந்தது, வசவு ஒழியவில்லை. அந்த முத்திரையிலிருந்து விடுவிக்கப்பட்ட சமூகங்களைச் சீர்மரபினர் என்கிறோம்; தமிழ்நாட்டின் சீர்மரபினர் பட்டியலில் அந்தப் பெயர் இன்றும் இருக்கிறது.

சரி, 'கேடி' என்று மாற்றலாமா என்று யோசித்தேன். அது போலீஸ்காரர்கள் எழுதிவைத்த 'நோன் டெப்ரடேட்டர்' (known depredator, தெரிந்த கொள்ளைக்காரன்) என்பதன் சுருக்கம். யாருடைய குலத்தையும் தொடாது. ஆனால் சேட்டை செய்கிற பேரனைக்கூட "சரியான கேடி" என்று கொஞ்சுகிறோமே, அந்த அம்மாவின் கோபத்துக்கு அது போதுமா?

அந்தக் காலத்து ராயபுரம், காசிமேடு பேச்சு தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அதே சூட்டோடு வேறு என்ன சொல்லித் திட்டுவார்கள்? அப்புறம், மொள்ளமாரி எங்கிருந்து வந்தது?