அச்சிட்ட பூவும் ஒட்டிய இதழும்: வாழ்த்து அட்டையில் மை கலைவதைத் தவிர்ப்பது எப்படி?

கேள்வி
கணினியில் வரைந்த பூக்களை இங்க்ஜெட் அச்சுப்பொறியில் எடுத்து, அவற்றின் மேல் வண்ணத்தாளில் வெட்டிய இதழ்களை ஒட்டி வாழ்த்து அட்டைகள் செய்கிறேன். பசை பட்ட இடத்தில் மை கலைகிறது; மடிக்கும்போது ஓரம் நார் நாராகப் பிரிகிறது. தாளை மாற்ற வேண்டுமா, பசையையா?

மறுமொழி 1
முதலில் பசையை மாற்றுங்கள். பல இங்க்ஜெட் மைகள் நீரில் கரையும் சாயத்தால் ஆனவை என்பதால், நீர் கலந்த வெள்ளைப் பசை பட்டவுடன் அவை பரவிவிடும். இருபக்க ஒட்டுநாடாவில் இந்தத் தொல்லை இல்லை. இதழ்கள் எழும்பி நிற்க வேண்டுமெனில் நுரை ஒட்டுநாடா நன்று. நிறமி மை, அதாவது நீரில் கரையாத நுண்துகள்களால் ஆன மை, நீரைத் தாங்கும்; ஆனால் எல்லா அச்சுப்பொறிகளும் அதை ஏற்பதில்லை.

மறுமொழி 2
மடிப்பில் ஓரம் பிரிவதற்குக் காரணம் பெரும்பாலும் தாளின் இழை ஓடும் திசைதான். தாளை இரு திசைகளிலும் மெல்ல வளைத்துப் பார்த்து, எளிதாக வளையும் திசையிலேயே மடிப்பு வருமாறு வடிவத்தைக் கணினியில் திருப்பி வையுங்கள். மை தீர்ந்த பந்துமுனைப் பேனாவால் அளவுகோலை ஒட்டி ஒரு பள்ளக்கோடு இழுத்த பிறகே மடியுங்கள். லேசர் அச்சுக்கு மாறினால் மை கரையாது. ஆனால் மடிப்பில் டோனர் (லேசர் அச்சின் மைத்தூள்) உதிரும் என்பதால் அந்தக் கோட்டை வெள்ளையாக விடுவது நல்லது.

மறுமொழி 3
இன்னொன்று: 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 250 கிராம் எடையுள்ள) தடித்த அட்டையை ஏற்க அச்சுப்பொறி திணறினால், மெல்லிய தாளில் அச்சிட்டு அட்டையின் மேல் ஒட்டலாம். எனக்கு அதுவே அழகாகவும் படுகிறது. படம் அங்குலத்துக்கு 300 புள்ளிகளில் இருக்கட்டும்.

கேட்டவர்
நன்றி. ஒட்டுநாடாவிலிருந்து தொடங்குகிறேன்.